தானாகச் செய்கிறார்

திங்கட்கிழமை லீவு கேட்டால்
சூப்பர்வைசர் சிரிக்கிறார்:
"ஏனம்மிணி நாச்சாளு,
கலெக்டரு உனக்கு ஒறம்பறையா?"

நாலு திங்கள் போனேன்.
முதல் தடவை, படிவம் பழசு.
அடுத்த தடவை, ஃபோட்டோவில் அவன் சிரித்திருந்தான், ஆகாதாம்.
பிறகொரு திங்கள் கூட்டமே இல்லை, யாரோ மந்திரி வருகை.
கடைசியில்
"ஊட்டுக்கே ஆள் வருவாங்க, போங்க."

ஓவர்லாக்கில் பீசுக்கு எத்தனை காசு
தூக்கத்திலும் சொல்லுவேன்.
படிவத்தில் ஒரு கேள்வி:
நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் உதவி தேவை?
பேனாவைப் பிடித்தபடி எண்ணினேன்.
விடியலில் புரட்டிப் படுக்க வைப்பது,
மூத்திரப் பை, துடைப்பது, புண்ணுக்கு மருந்து,
பதினோரு மணி டீ பிரேக்கில் சைக்கிள் மிதித்து வந்து
இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சாய்த்துவிட்டு ஓடுவது,
ராத்திரி ரெண்டு மணிக்கு
அவன் கூப்பிடாமலே எனக்கு முழிப்புத் தட்டுவது.
முழிப்புத் தட்டுவதை எந்தக் கணக்கில் எழுத?

எட்டு என்று போட்டேன்.
ஒரு ஷிப்ட்.

குழந்தைவேலு என் தம்பி.
சாயப்பட்டறைக் கூரைக்குத் தகரம் மாட்ட ஏறியவன்
தகரத்தோடு இறங்கினான்.
ஆறு வருஷமாச்சு.
இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது,
கைகளில் பாதி உண்டு.
வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

வியாழக்கிழமை வந்தார்கள்,
மங்கலம் ரோட்டு லைன் வீட்டுக்கு,
டேப்லெட்டோடு ஒரு மேடம், ஃபோட்டோ பிடிக்க ஒரு பையன்.
பங்குனி வெயில் ஏறிய முகங்கள்.
நான் வாயெடுக்குமுன் அவன்
"வாங்க, உக்காருங்க. அக்கா, மேடத்துக்கு டீ."

டீயை அவன் பலகைமேல் வைத்துவிட்டு
ஸ்டூலைத் துடைக்கத் திரும்பினேன்.
அதற்குள்
வெடவெடக்கும் ரெண்டு மணிக்கட்டுக்கு நடுவே
டம்ளரை இடுக்கி
நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி
நீட்டிக்கொண்டிருந்தான்.
ஆறு வருஷத்தில் நான் பார்க்காத உயரம்.
ஒரு சொட்டுச் சிந்தவில்லை.
"குடிங்க மேடம். சர்க்கரை பத்துலீன்னா சொல்லுங்க."

வாங்கிக் குடித்தார். நல்லா இருக்கு என்றார்.
பிறகு விரலால் ஒரு கட்டத்தைத் தட்டினார்:
பொருட்களைத் தூக்குதல் — தானாகச் செய்கிறார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை.
கண்ணில் பட்டதைத்தானே எழுத முடியும்.
அவர்கள் செருப்பு மாட்டிப் போனதும் இவனைக் கேட்டேன்:
"ஏன்டா, ஒரு நாளைக்கு,
ஒரே ஒரு நாளைக்கு
முடியாதவனா இருக்க முடியலியா உனக்கு?"

சுவரைப் பார்த்துச் சொன்னான்:
"ஊட்டுக்கு வந்தவிங்களுக்கு
ஒரு டீ குடுக்கறதுக்குமா
மனு எழுதோணும்?"

அன்று ராத்திரி தோள் வீங்கியது.
வெள்ளி, சனி, புரட்டும்போதெல்லாம் பல்லைக் கடித்தான்.
ஞாயிறு கறி எடுத்தேன். ஊட்டித்தான் விட்டேன்.

கடிதம் வந்தது. சதவீதம் போதாதாம்.

ஐந்தாவது திங்கள்.
வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர்
"எப்பவும் போல ஏழ்மைன்னு போட்டுடட்டுங்களா?" என்றார்.
இல்லீங்க, நான் சொல்றதைப் போடுங்க.

ஐயா,
என் தம்பி ஒரு டம்ளர் டீ தூக்கியது உண்மை.
தூக்கிய நேரம் பத்து வினாடி இருக்கும்.
அதற்கப்புறம் மூன்று நாள்
அவன் கையை நான்தான் தூக்கினேன்.
அந்த மூன்று நாளுக்கு உங்கள் படிவத்தில் கட்டம் இல்லாததால்
தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.
மறுபடி ஆள் அனுப்ப வேண்டும்.
இப்போதே சொல்லிவிடுகிறேன்,
மறுபடியும் டீ தருவான்.
வருகிறவர் குடித்ததும் கிளம்பாமல்
ராத்திரி ரெண்டு மணி வரைக்கும்
இருக்க வேண்டும்.

எழுதினவர் பேனாவை மூடவில்லை, கொஞ்ச நேரம்.
பிறகு முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

சீல் விழுந்தது. ரசீதை மடித்து ரவிக்கைக்குள் வைத்தேன்.
பல்லடம் ரோட்டில் பஸ் கிடைத்துப்
பதினொன்றரைக்குள் கம்பெனி கேட்டைத் தொட்டுவிட்டால்
அரை நாள் சம்பளம் உண்டு.
அவனை எந்தப் பக்கம் படுக்க வைத்துவிட்டு வந்தேன் என்று
படியிறங்கும்போதே யோசித்தேன்.
இடப் பக்கம்.